அமைதிக்கு ஒரு பேராசிரியர் எதற்கு?

போரையும் அமைதியையும் ஆராய்வதற்கென்றே இன்று ஒரு பல்கலைக்கழகத் துறை இருக்கிறது. அதன் முன்னோடி ஒருவரிடமிருந்து தொடங்கலாம். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்றுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். ஆங்கிலேயர், தொழிலால் வானிலை ஆய்வாளர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆயுதம் தொடமாட்டார். அடிபட்டவர்களை ஏற்றி இறக்கியது போக மிஞ்சிய நேரத்தில், நாளைய வானிலையைச் சமன்பாடுகளால் கணக்கிட முடியுமா என்று தாள் தாளாக எழுதிப் பார்த்தார். அந்தக் கையெழுத்துப் படி 1917-ல் போர்க்கள அமளியில் தொலைந்துபோய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. இன்று கம்ப்யூட்டர் சொல்லும் வானிலைக்கு மூலம் அந்தத் தாள்கள்தான்.

1920-ல் பிரிட்டனின் வானிலைத் துறையை விமான அமைச்சகத்தோடு இணைத்தார்கள். தன் கணக்கு போர் விமானங்களுக்குப் பயன்படும் என்று தெரிந்ததும் ரிச்சர்ட்சன் வேலையை விட்டார். மழையைக் கணக்கிட முடியும் என்றால் போரை ஏன் கணக்கிட முடியாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 130 ஆண்டுகளில் மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளையெல்லாம் பட்டியலிட்டார். ஒற்றைக் கொலையையும் உலகப் போரையும் ஒரே அளவுகோலில் வைத்தார்: ஒருவர் இறந்தால் 0, ஆயிரம் பேர் இறந்தால் 3, ஒரு கோடிப் பேர் இறந்தால் 7. நிலநடுக்கத்தை அளப்பதுபோல, பத்து மடங்குக்கு ஒரு படி.

கிடைத்த விடைகள் பலருக்கும் பிடிக்காதவை. போர்கள் தொடங்கும் ஆண்டுகளைப் பார்த்தால், விபத்துகள் விழும் அதே ஒழுங்கற்ற ஒழுங்கில் விழுந்தன. ஒரே மொழி பேசினால் சண்டை குறையும் என்ற நம்பிக்கைக்கு எண்களில் ஆதாரம் இல்லை. அண்டை நாடு அதிகமுள்ள நாடு அதிகப் போரில் சிக்கியது. இதைச் சரிபார்க்க எல்லைக்கோடுகளின் நீளத்தைத் தேடப் போனவருக்கு வேறொரு வேடிக்கை அகப்பட்டது. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே உள்ள ஒரே எல்லையை ஒரு கணக்கு 987 கிலோமீட்டர் என்றது. இன்னொரு கணக்கு 1,214 என்றது. அளவுகோல் சிறியதாக ஆக, வளைவு நெளிவெல்லாம் கணக்கில் வந்து நீளம் கூடுகிறது. பிற்காலத்தில் கணித உலகில் பெரிய கிளையாக வளர்ந்த விஷயம் இது. போரைப் பற்றிய ஓர் ஆய்வின் ஓரக்குறிப்பாகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ரிச்சர்ட்சன் 1953-ல் இறந்தார். போர்க் கணக்கு 1960-ல்தான் முறையான நூலாக வந்தது. இவரைப் போன்றவர்கள் போட்ட அடித்தளத்தில் எழுந்த துறைக்குத்தான் இன்று அமைதி ஆய்வு, மோதல் தீர்வு என்ற பெயர்கள். முரண்பாட்டுத் தீர்வு, சமாதானக் கற்கை என்றும் தமிழில் சொல்கிறோம். இதில் ஒருவர் வாழ்நாளைச் செலவிடுகிறார் என்றால் என்னதான் செய்கிறார்? அவருக்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்று, தூரத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவரின் இருக்கை. மற்றொன்று, சண்டையிடும் இருவருக்கு நடுவே உள்ள இருக்கை. இரண்டிலும் ஒரே ஆள் உட்கார நேர்வதுதான் இந்தத் துறையின் சுவையும் சிக்கலும்.

எண்ணுகிறவர்

முதலில் எதை எண்ணுவது? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1971-ல் தொடங்கிய அமைதி ஆய்வுத் துறை உலகெங்கும் நடக்கும் மோதல்களின் தரவுத் தொகுப்பைப் பராமரிக்கிறது. அவர்களுடைய வரையறை இது: இரு தரப்பில் ஒன்றாவது ஒரு நாட்டின் அரசாக இருக்கவேண்டும், ஆட்சியையோ நிலப்பரப்பையோ பற்றிய சண்டையாக இருக்கவேண்டும், ஓராண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் இறந்திருக்கவேண்டும். ஆயிரத்தைத் தொட்டால் அது போர்.

அப்படியானால் 24 பேர் இறந்தால் மோதல் இல்லையா? வகுப்பின் முதல் வாரத்தில் யாராவது இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் 25 என்பது உயிரின் மதிப்பு அல்ல, வேலி. எங்காவது வேலி போடாவிட்டால், மோதல்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று ஒரு ஆண்டை இன்னொரு ஆண்டோடு ஒப்பிடவே முடியாது.

எண்ணும் வேலையில் இன்னொரு கண்ணியும் உண்டு. கலவரம் நடந்த ஊருக்கு ஆய்வாளர்கள் ஓடுவார்கள். நடக்காத ஊருக்கு யாரும் போகமாட்டார்கள். அரசியலறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தலைகீழாக்கினார். இந்து, முஸ்லிம் மக்கள்தொகை விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த அலிகாரையும் கோழிக்கோட்டையும் அருகருகே வைத்தார். ஒன்றில் கலவரம் திரும்பத் திரும்ப வந்தது, மற்றதில் வரவில்லை. வதந்தி இரண்டு ஊரிலும் பரவத்தான் செய்தது. கோழிக்கோட்டில் தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசகசாலை என்று இரு சமூகத்தவரும் சேர்ந்து உறுப்பினராக இருந்த அமைப்புகள் அந்த வதந்தியை அன்றைக்கே விசாரித்து அடக்கின. பக்கத்து வீட்டுப் பழக்கம் சிற்றூரில் போதும். பெருநகரத்தில் சங்கம் வேண்டும் என்பது அவர் முடிவு. நடக்காத ஒன்றை ஆராய்வது எவ்வளவு கடினம் என்று யோசித்தால், இந்த ஆய்வின் சாமர்த்தியம் புரியும்.

அமைதி என்றால் எது?

துறையில் பெரிய சண்டையே இங்கேதான். நார்வேக்காரரான யோஹான் கல்துங் 1930-ல் பிறந்தவர். நாஜிகள் நார்வேயைப் பிடித்திருந்தபோது அவருடைய தந்தை முகாமில் அடைக்கப்பட்டார். மகன் பிற்பாடு கட்டாய ராணுவ சேவையை மறுத்துச் சிறை சென்றார். கணிதமும் சமூகவியலும் படித்தவர். ஆஸ்லோவில் 1959-ல் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1964-ல் துறைக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 2024-ல் காலமானார்.

1969-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை துறையைப் புரட்டிப்போட்டது. துப்பாக்கி ஓய்ந்திருப்பது மட்டும் எதிர்மறை அமைதி: ஏதோ ஒன்று இல்லாத நிலை. மனிதர் முழுதாக வாழ வழி இருப்பது நேர்மறை அமைதி. இரண்டுக்கும் இடையில் அவர் வைத்த கருத்து ‘கட்டமைப்பு வன்முறை’. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயால் இறந்தால் அதை வன்முறை என்று சொல்வது கடினம், மருந்து இல்லை. மருந்து இருக்கும் காலத்தில், அது எட்டாத இடத்தில் வைக்கப்பட்டதால் ஒருவர் இறந்தால்? கத்தி எடுத்தவர் யாருமில்லை, ஆனால் ஓர் உயிர் போயிருக்கிறது. அதுவும் வன்முறையே என்றார் கல்துங்.

பொருளியலறிஞர் கென்னத் போல்டிங் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957-லேயே மோதல் தீர்வுக்கான ஆய்விதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். வறுமைக்கும் வன்முறைக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாமல் போகும் என்பது அவர் வாதம். கல்துங்கோடு தனக்குள்ள பன்னிரண்டு நட்புச் சண்டைகள் என்று தலைப்பிட்டே 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார். என்னைக் கேட்டால் கணக்கெடுக்கும்போது போல்டிங் சரி, கண்ணைத் திறக்கும்போது கல்துங் சரி. எல்லாவற்றையும் வன்முறை என்றால் எதை முதலில் நிறுத்துவது என்றே தெரியாது. ஆனால் பிணம் விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்கிற ஆய்வாளர் எப்போதும் தாமதமாகவே வருவார்.

நடுவில் உட்காருகிறவர்

மேரி பார்க்கர் ஃபோலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1920-களில் ஒரு சின்ன சம்பவம் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் குறுகிய அறையில் ஒருவர் ஜன்னல் திறந்திருக்கவேண்டும் என்கிறார், ஃபோலெட்டுக்கு மூடியிருக்கவேண்டும். பாதி திறப்பது சமரசம், இருவருக்குமே குறை. ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டியது வாடைக்காற்று மேலே அடிக்காமல் இருப்பது. வாய் கேட்பது ஒன்று, உள்ளே வேண்டியிருப்பது ஒன்று. முன்னதை நிலைப்பாடு என்றும் பின்னதைத் தேவை என்றும் துறை பிரித்துச் சொல்கிறது.

ஜன்னலுக்குச் சரி, நாட்டுக்குப் பொருந்துமா? 1967 போரில் எகிப்தின் சினாய் தீபகற்பத்தை இஸ்ரேல் பிடித்தது. அதன் பிறகு வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் ஒரு தரப்பு மறுத்தது. 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் 13 நாள் பேச்சு. எகிப்துக்கு வேண்டியது தன் மண், முழுசாக. இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையோரம் எகிப்தின் டாங்கிகள் வராமல் இருப்பது. மண் முழுதும் எகிப்துக்கு, அதன் பெரும்பகுதியில் படைக்குக் கட்டுப்பாடு என்று முடிந்தது. அமெரிக்கக் குழு ஒரே ஆவணத்தை இரு தரப்பிடமும் மாறி மாறிக் காட்டி, குறைகளைக் கேட்டு, 23 முறை திருத்தி எழுதியது. 1979-ல் உடன்படிக்கை, 1982-ல் இஸ்ரேல் ஏறக்குறைய முழுதாக வெளியேறியது. அந்த எல்லையில் அதன் பிறகு இரு நாட்டுக்கும் போர் இல்லை. பாலஸ்தீனர்களின் கேள்வியோ அப்படியே மீந்தது. கல்துங்கின் சொல்லில் சொன்னால், நல்ல எதிர்மறை அமைதி.

இருவரும் ஜெயிக்கலாம் என்பது இக்காலப் பயிற்சி வகுப்புகளின் தாரக மந்திரம். நம்முடைய சங்கப் புலவர் கோவூர் கிழார் அப்படிப் பேசவில்லை. உறையூர்க் கோட்டைக்கு உள்ளே நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. இருவரும் சோழர். நடுவே போன புலவர் சொன்னது: அவன் தலையில் இருப்பது சேரரின் பனம்பூவும் இல்லை, பாண்டியரின் வேம்பும் இல்லை, இரண்டு பேரும் சூடியிருப்பது சோழரின் ஆத்திதான். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இரண்டு பேரும் வெல்வது நடக்காத காரியம். உங்கள் சண்டையைப் பார்த்து மகிழப்போவது வேறு அரசர்கள்தான். பழைய பெயர் சந்து செய்தல். எதிரி யார் என்ற கேள்வியையே அவர் மாற்றிவிடுகிறார் பாருங்கள். இன்றைய பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குவார்கள்.

கல்விமான்கள் நடுவே போவதற்கு ஒரு தனி முறை 1960-களில் உருவானது. ஆஸ்திரேலிய ராஜதந்திரியாக இருந்து பேராசிரியரான ஜான் பர்ட்டன், இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் மோதல் இருந்த காலத்தில் இரு நாட்டாரையும் சிங்கப்பூர்க்காரர்களையும் லண்டனில் கூட்டி, பேரம் பேசாமல் பிரச்சினையை ஆராயச் சொன்னார். ஹார்வர்டின் உளவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் கெல்மன் இதை இஸ்ரேலியர், பாலஸ்தீனர் நடுவே பல பத்தாண்டுகள் செய்தார். கெல்மனே வியன்னாவில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பியவர். பதவியில் இல்லாத, ஆனால் பதவியில் உள்ளவர்களின் காதில் பேசக்கூடியவர்களை அழைப்பார். வந்தவர் சொன்னது அறையை விட்டு வெளியே போகாது.

1993-ல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த ஆஸ்லோ ஒப்பந்தத்துக்கு முந்திய ரகசியப் பேச்சு ஆய்வுக் கருத்தரங்கு என்ற போர்வையில்தான் நார்வேயில் தொடங்கியது. காசாவில் மக்களின் வாழ்க்கை நிலையை ஆய்வு செய்துகொண்டிருந்த நார்வே நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்தது. இஸ்ரேல் தரப்பில் முதலில் போனவர்கள் இரு கல்வியாளர்கள். விஷயம் கசிந்தால் ‘பேராசிரியர்கள் பேசிக்கொண்டார்கள்’ என்று அரசு கைகழுவலாம். அந்த ஒப்பந்தம் நிலைத்த அமைதியைத் தரவில்லை என்பது நமக்குத் தெரியும். அதனால் பேராசிரியரின் அறையில் தொடங்கிய பேச்சுக்கு எவ்வளவு பாராட்டு, எவ்வளவு பழி என்று துறைக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை.

இருக்கைகள் மோதும்போது

ஆய்வாளர் எழுதினால்தான் பதவி உயர்வு. நடுவர் எழுதாமல் இருந்தால்தான் நம்பிக்கை. தான் செய்ததிலேயே சிறந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாத பேராசிரியர்கள் இந்தத் துறையில் உண்டு. வேறெந்தத் துறையிலும் இவ்வளவு கூர்மையாக இந்தச் சிக்கல் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தது. ‘நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இது வெளியே வராது’ என்று வாக்குக் கொடுத்துத்தான் பேசவைத்தார்கள். கடத்திக் கொல்லப்பட்ட ஒரு தாயின் பழைய வழக்குக்காக வட அயர்லாந்துப் போலீஸ் கேட்டுக்கொள்ள, 2011-ல் அமெரிக்க நீதித்துறை அந்தப் பதிவுகளைக் கோரியது. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் சில பதிவுகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. காணாமல்போன தாய்க்கு நடந்தது என்ன என்று கேட்கும் பிள்ளைகளின் உரிமை ஒரு பக்கம், நம்பிப் பேசியவரின் உயிர் இன்னொரு பக்கம். இன்று களத்துக்குப் போகும் மாணவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம், உன்னால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே என்பது. பெயரை எழுதாதே, போன் தொலைந்தால் யார் யார் மாட்டுவார்கள் என்று கிளம்பும் முன்பே யோசி.

கையெழுத்துக்குப் பிறகு

உள்நாட்டுப் போர்களில் பேச்சு முறிவதற்குக் காரணம் பகை மட்டும் அல்ல. அமெரிக்க அரசியலறிஞர் பார்பரா வால்டர் காட்டியது எளிமையானது. இரு நாடுகள் சண்டையை நிறுத்தினால் இரண்டுக்கும் அவரவர் ராணுவம் அவரவரிடம் இருக்கும். உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பு ஆயுதத்தைக் கீழே வைத்தாக வேண்டும். வைத்த மறுநாள் அரசு வாக்கை மீறினால் கேட்பதற்கு நாதியில்லை. இது தெரிந்தே, இரு தரப்பும் மனதார அமைதியை விரும்பினாலும் சண்டை தொடர்கிறது. அந்த இடைவெளியில் நிற்க மூன்றாம் ஆள் வேண்டும்.

கொலம்பியாவில் அந்த மூன்றாம் ஆட்களில் ஒருவர் பல்கலைக்கழகம். அரசுக்கும் ஃபார்க் என்ற கிளர்ச்சிப் படைக்கும் ஆன ஒப்பந்தத்தை 2016 அக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பு நூலிழையில் நிராகரித்தது. திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய கிராக் நிறுவனத்துக்கு, நிறைவேற்றம் எப்படிப் போகிறது என்று கண்காணிக்கும் பொறுப்பை அந்த ஒப்பந்தமே கொடுத்தது. ஆய்வாளர்கள் ஒப்பந்தத்தை 578 வாக்குறுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் தொடங்கவில்லையா, கொஞ்சம் நடந்ததா, பாதியில் இருக்கிறதா, முடிந்ததா என்று குறித்துக்கொண்டே போகிறார்கள். ஆயுத ஒப்படைப்பு போன்றவை சீக்கிரம் முடிந்தன. கிராமப்புற நிலச் சீர்திருத்தம் இழுத்துக்கொண்டே போகிறது. பார்க்கச் சலிப்பான வேலை. இரு இருக்கைகளும் சண்டையில்லாமல் ஒன்று சேர்ந்த அபூர்வமான இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

வருகிற வழி

இந்தத் துறைக்கு நேர்வழி என்று ஒன்று இருந்ததில்லை. துறையின் முன்னோடிகளில் மார்ட்டன் டாய்ச் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாக இருந்துவிட்டு உளவியலுக்குத் திரும்பியவர். அனதோல் ராப்பபோர்ட் பியானோக் கலைஞராகப் பயின்று கணிதத்துக்குப் போனவர். இன்று நேரடிப் பட்டங்கள் உண்டு. இளநிலைப் படிப்பை அமெரிக்காவில் மான்செஸ்டர் கல்லூரி 1948-லேயே தொடங்கியது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973-ல் துறை வந்தது. முதல் பேராசிரியர் ஆடம் கர்ல், நைஜீரியாவுக்கும் அதிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ராவுக்கும் நடுவே தூது போன குவேக்கர். ஐ.நா. பொதுச்சபை 1980-ல் நிறுவிய அமைதிப் பல்கலைக்கழகம் கோஸ்டாரிக்காவில் இருக்கிறது. முதுநிலைப் படிப்புக்கு ரோட்டரி அமைப்பு முழு உதவித்தொகை தருகிறது.

இளநிலையில் எதைப் படித்தாலும் சரி: அரசியல், சமூகவியல், பொருளியல், சட்டம், உளவியல். புள்ளியியலுக்குப் பயப்படாமல் இருந்தால் எண்ணும் இருக்கை கிடைக்கும். மோதல் நடக்கும் இடத்தின் மொழியைக் கற்றால் நடு இருக்கை கிடைக்கும். மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தயக்கமானது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முனைவர் பட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு ஆண்டு போகும். அதன் பிறகு பல்கலைக்கழக வேலைகள் குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை. பலர் ஐ.நா. அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும், நீதிமன்ற மத்தியஸ்தம், தொழிலாளர் தகராறு, குடும்பத் தகராறு ஆகியவற்றுக்கும் போகிறார்கள்.

சேரலாமா என்று யோசிப்பவர் வீட்டிலேயே செய்து பார்க்க ராப்பபோர்ட் ஒரு பயிற்சி வைத்துப் போயிருக்கிறார். உங்களுக்கு அறவே பிடிக்காத ஒரு தரப்பின் வாதத்தை எழுதுங்கள். கிண்டல் கூடாது, ‘ஆனால்’ கூடாது. அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். ‘ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்’ என்று அவர் தலையாட்டும்வரை உங்கள் பதிலைப் பேச உங்களுக்கு அனுமதி இல்லை. முதல் படியை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் மூன்றாவதையும்.